நீலப்பைதான் கனம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைக்காதீர்கள். வைத்தாலும் கூடப்பிறந்த அக்காவை அந்தக் கல்லூரியில் சேரவிடாதீர்கள். இரண்டையும் செய்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், மூலையில் சுருட்டி நிறுத்திய சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல், கையில் பட்டால் ராத்திரி குளித்தாலும் போகாத ஜிகினாத் தூள். காலையில் முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் வந்து பாருங்கள். நாளைய டீச்சர்கள் அத்தனை பேரும் கவுன்டரில் முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். "அண்ணா, எனக்கு முதல்ல!" "அண்ணா, யானை படம் கலர்ல!" "அண்ணா, இதை வட்டமா வெட்டித் தாங்கண்ணா!" சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கப் படித்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள். ஒருத்திக்காவது வரிசையில் நிற்கத் தெரிந்தால்தானே?

அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "டேய், அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல என்னோடத போடுடா" என்று ஒரு குரல் வந்தால் அது என் அக்கா. மற்ற பெண்களெல்லாம் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். அக்கா அவர்களைவிட ஒரு தலைமுறை மூத்தவள் மாதிரி இருப்பாள். அவளையும் டீச்சர் என்று நினைத்து முதல் நாள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இதற்கு முன்னால் அக்கா ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயரெழுதி, நம்பர் கொடுத்து, முறை வரும்போது கூப்பிடவேண்டும். பிள்ளைகள் அழுது ஊரைக் கூட்டும் இடம் அது. அக்கா சும்மா இருக்கமாட்டாள். அடுத்து எந்த நம்பர் வரும், அதற்கு அடுத்து எது, பத்தாம் நம்பருக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக்கூட எண்ண வைத்துவிடுவாள். ஒருநாள் டாக்டர் கைகழுவிக்கொண்டே, "நீங்க டீச்சராப் போயிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டாக்டர் அதை அந்தக் கையைத் துடைப்பதற்குள் மறந்திருப்பார். இவள் மறக்கவில்லை. அப்புறம் கிளினிக்கில் சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டும் மெஷின் வந்தது, டிங் என்று ஒரு சத்தம் போட்டது, அக்காவுக்கு வேலை போனது.

"டீச்சருக்குப் படிக்கப் போறேன்" என்று அவள் சொன்னபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு?"

"நான்தான்."

"கெட்டுது போ" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்! "எனக்குப் புள்ள இல்லாததுக்கும் நான் டீச்சராவறதுக்கும் என்னங்க சம்பந்தம்? கண்டக்டருக்கெல்லாம் வீட்ல பஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். பஸ் டிரைவரான மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "ம்" என்றார். மாமா பேசும் தமிழில் பாதிக்குமேல் இந்த "ம்"தான். அந்த "ம்"மைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா கல்லூரியில் சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதுக்குமேல் சேர்க்கை கிடையாது. இவள் கதவு மூடும் நேரத்தில் உள்ளே நுழைந்தவள்.

இரண்டு வருஷப் படிப்பு. தாள் தாளாகப் பரீட்சை. அதையெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதித் தேறிவிட்டாள். அதற்கப்புறம்தான் வில்லங்கமே. டீச்சராவதற்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் தேர்வாளர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க, நிஜப் பள்ளிக்கூடத்தில் நிஜப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுத்துக் காட்டித் தேறவேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் போனால் முதல் வருஷத்திலிருந்து திரும்பச் சேரவேண்டும். அக்காவுக்குத்தான் வயது தாண்டியாயிற்றே, திரும்ப எங்கே சேர்வது? மூன்றில் தேறாவிட்டால் அத்தோடு சரி.

பாடம் எடுப்பதற்கு முன்னால் பாடத்திட்டம் எழுதவேண்டும். அந்தத் தாளை நான்தான் நகலெடுத்துக் கொடுக்கிறேன் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு உண்டு. இடது பக்கக் கட்டத்தில் ஆசிரியர் என்ன செய்வார், என்ன கேட்பார். வலது பக்கக் கட்டத்தில் மாணவர் என்ன பதில் சொல்வார். அதாவது, கேள்வியே இன்னும் காதில் விழாத ஒரு பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறது என்று முந்தின நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடவேண்டும். ஜோசியக்காரன்கூட இவ்வளவு துணியமாட்டான். தேர்வாளர் கையில் அதன் நகல் இருக்கும். வலது கட்டத்தில் எழுதிய பதில் பிள்ளை வாயிலிருந்து வந்ததா, ஒரு டிக். வரவில்லையா, ஒரு பெருக்கல் குறி.

இந்த விஷயத்தில் கல்லூரியில் ஒரு மேடம் மகா கண்டிப்பு. பெண்கள் அவருக்கு வைத்த பெயரே கட்டம் மேடம். "என்னம்மா, கட்டம் காலியா இருக்கு?" என்பதுதான் அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்வி. எங்கள் வீட்டில் ஹாலை வகுப்பறையாக்கி அக்கா பாடம் எடுத்துப் பழகியபோது இந்தக் கட்டத்தின் லட்சணம் எனக்குப் புரிந்தது. நானும் அம்மாவும் மாமாவும் தரையில் சம்மணம் போட்டு உட்காரவேண்டும். நாங்கள்தான் இரண்டாம் வகுப்பு.

"பிள்ளைகளே, தண்ணீர் நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது?" என்று அக்கா கொஞ்சும் குரலில் கேட்டாள்.

"மோட்டார் போட்டியா நீ?" என்றாள் அம்மா.

"அம்மா! மழையிலேர்ந்துன்னு சொல்லணும்."

"மழ பெஞ்சா நான் எதுக்கு மோட்டார் போடச் சொல்றேன்?"

மாமா "ம்" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் முதல் வாய்ப்பில் அதுதான் நடந்தது. "தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டதும், "லாரியிலேர்ந்து மிஸ்" என்று ஒருத்தன் சொன்னான். "எங்க வீட்டுக்கு லாரி வராது, அம்மாதான் கொண்டுவருவாங்க" என்று இன்னொருத்தி. "லாரிக்கு யாரு மிஸ் குடுக்கிறாங்க?" என்று மூன்றாவது. அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு லாரி பின்னாலேயே போய்விட்டாள். பிள்ளைகளும் ஆளாளுக்குக் கத்தினார்கள். லாரி ஆற்றுக்குப் போய், ஆறு மலைக்குப் போய், மழைக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. வலது பக்கம் பூராவும் பெருக்கல் குறி. "எதிர்பார்த்த விடை பெறப்படவில்லை" என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா மழைக்கு வந்திருப்பேன்டா" என்று என் கடையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது. யார்மேல் எரிந்தது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது வாய்ப்பில் உஷாராகிவிட்டாள். எந்தப் பிள்ளை என்ன கேட்டாலும் காதில் வாங்குவதில்லை என்று வைராக்கியம். திட்டத்தில் இருப்பதை வரிக்கு வரி சொன்னாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. கடைசியில் கேள்வியையும் இவளே கேட்டு, பதிலையும் இவளே சொல்லி, "சபாஷ்" என்று இவளே பாராட்டிவிட்டு வந்தாள். "மாணவர் பங்கேற்பு இல்லை" என்று எழுதி அதிலும் மண்ணைக் கவ்வ வைத்தார்கள். பிள்ளை பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு. இவள் என்னதான் செய்வாள்? அன்றைக்கு அழக்கூட இல்லை. நகலெடுக்க வந்த பெண்ணிடம், "யானைக்கு எதுக்கும்மா கலரு? அது கருப்புதானே?" என்று எரிந்து விழுந்தாள். வியாபாரத்தைக் கெடுக்காதே என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது வாய்ப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாடம் எடுக்கப்போகிற பள்ளிக்கூடத்து வகுப்பு டீச்சர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. பயிற்சிக்கு வரும் பெண்களை ரொம்ப வருஷமாகப் பார்த்தவர்.

"ஏம்மா, ரெண்டு தடவ போயும் உனக்குப் புத்தி வரலியா? பாடத்த அன்னிக்கா எடுப்பாங்க? முன்னாடியே எடுத்து முடிச்சிடணும்மா. கேள்வி, பதில், கைதட்டல் எல்லாம் பழக்கி வச்சிடு. அன்னிக்கு சும்மா ஒரு தடவ ஓட்டிக் காட்டு. எல்லாரும் பண்றதுதான்."

எல்லாரும் செய்வதுதானாம். கடையில் கேட்டுப் பார்த்தேன். "ஆமாண்ணா, ஒத்திகை பாக்காம யாருண்ணா போவா?" என்று பெண்கள் சிரித்தார்கள். இது தெரியாமல் இரண்டு வாய்ப்பைத் தொலைத்தவள் என் அக்கா ஒருத்திதான். கட்டம் மேடத்துக்குத் தெரியுமா என்றால், தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

அக்கா அப்புறம் ஒருநாளும் தயங்கவில்லை. கனம், லேசு என்று ஒரு பாடம். துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் இரண்டு பை, அதுதான் தராசு. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலப்பையில் கல், சிவப்புப்பையில் பஞ்சு. ஹேங்கரைத் தூக்கிப் பிடித்தால் நீலப்பை கீழே இறங்கும். "எந்தப் பை கனம்?" "நீலப்பைதான் கனம்!" பைகளை அம்மாவே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். "இதுலயாவது ஒழுங்கா வந்து தொல" என்றாள். அம்மாவுக்கும் ஆசை இருந்தது, அதைக் காட்டிக்கொள்ள அவளுக்கு வராது.

தினமும் பிள்ளைகளோடு ஒத்திகை. அந்தப் பிள்ளைகள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். முன்வரிசையில் ஒருத்தி இருந்தாள், எதிலும் முந்திக்கொண்டு பேசுவாள். முந்திரிக்கொட்டை என்று அக்கா பெயர் வைத்தாள். அவள் அக்காவுக்கே தைரியம் சொன்னாளாம். "பயப்படாதீங்க மிஸ். போன வருஷம் வந்த மிஸ்ஸுக்கெல்லாம் நாங்க நல்லாப் பண்ணிக் குடுத்தோம்." சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு பிள்ளை. தெரியாத மாதிரி விழித்துவிட்டு அப்புறம் புரிந்த மாதிரி தலையாட்டுவதற்கென்று ஒரு பிள்ளை. எல்லாவற்றையும் அக்கா பிரித்துக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "நாடகம் நல்லா வருதா?" என்று கேட்டேன். "உன் வேலையப் பாருடா" என்றாள்.

அந்த நாள் வந்தது. சார்ட், ஹேங்கர், கல், பஞ்சு என்று மூட்டையோடு அவளை ஸ்கூட்டரில் வைத்து நான்தான் கொண்டுபோய் விட்டேன். உள்ளே விடமாட்டார்கள். வகுப்பறை ஜன்னலோரமாக வராந்தாவில் நின்றுகொண்டேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

பின் பெஞ்சில் தேர்வாளர். நரைத்த மனிதர், காலையிலிருந்து வகுப்பு மாற்றி வகுப்பு பார்த்துக் களைத்திருந்தார். பக்கத்தில் கட்டம் மேடம். தேர்வாளர் மடியில் பாடத்திட்டத்தின் நகல். நான் போட்ட நகல்தான்.

ஆரம்பமே கோளாறு. அக்கா "வணக்கம் பிள்ளைகளே" என்று சொல்லி வாய் மூடவில்லை, சந்தேகம் கேட்கவேண்டிய பிள்ளை எழுந்து, "மிஸ், பஞ்சு நெறைய இருந்தா கல்லைவிடக் கனமா இருக்குமா?" என்று கேட்டுவிட்டது. கல்லும் வெளியே வரவில்லை, பஞ்சும் வரவில்லை. எனக்குப் பகீரென்றது. தேர்வாளர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. திட்டத்தில் அந்தச் சந்தேகம் எங்கே இருக்கிறதென்று விரலால் தேடிக் கண்டுபிடித்து ஒரு டிக் போட்டார். போன உயிர் எனக்குத் திரும்ப வந்தது.

அக்கா கல்லுக்கும் பஞ்சுக்கும் மூட்டையை அவசரமாகத் துழாவினாள். எப்படியோ சமாளித்துக்கொண்டு கல்லை எடுத்துக் காட்டினாள், பஞ்சை எடுத்துக் காட்டினாள், பைகளில் போட்டாள், ஹேங்கரைத் தூக்கிப் பிடித்தாள்.

"பிள்ளைகளே, எந்தப் பை கனம்?"

"நீலப்பைதான் கனம்!" என்று வகுப்பே இடிந்துவிழுகிற மாதிரி ஒரே குரல்.

எனக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். சிவப்புப்பை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நீலப்பை மேலே, அக்காவின் தோளுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் கைக்கு வந்த பையில் கல்லைப் போட்டிருக்கிறாள்.

தேர்வாளர் தலை குனிந்தபடியே டிக் போட்டார். பிள்ளைகள் திட்டப்படி கைதட்டினார்கள். நான் வராந்தாவில் நின்று, ஐயோ யாரும் பார்க்கவில்லை, தப்பித்தோம், அக்கா, அப்படியே ஹேங்கரை இறக்கிவிடு, அடுத்ததுக்குப் போ என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஹேங்கரை இறக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டல் தானாக ஓய்ந்தது.

முந்திரிக்கொட்டைக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், இந்த இடத்துல நீங்க சபாஷ்னு சொல்லணும்" என்று ரகசியம் சொன்னாள். அவள் ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"எந்தப் பை கீழ இருக்கு?" என்று அக்கா கேட்டாள். கொஞ்சும் குரல் இல்லை, வீட்டில் பேசும் குரல். பிள்ளைகள் விழித்தார்கள். இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான், முதல் தடவையாக, தராசைப் பார்த்தார்கள்.

"சிவப்பு" என்று எங்கேயோ ஒரு மெல்லிய குரல்.

"அப்ப எது கனம்?"

"நீலம்" என்றார்கள் பாதிப் பேர். "சிவப்பு" என்றார்கள் சிலர்.

"கண்ணு முன்னாடி சிவப்பு கீழ தொங்குது. ஏன் நீலம்னு சொல்றீங்க?"

முந்திரிக்கொட்டை எழுந்து நின்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கதான மிஸ் நீலம்னு சொல்லச் சொன்னீங்க?"

 கட்டம் மேடம் பாதி எழுந்துவிட்டார். "சார், பதட்டத்துல கொஞ்சம் தடுமாறிட்டாங்க…"

"பதட்டமெல்லாம் இல்ல மேடம்" என்றாள் அக்கா. "ஒரு வாரமா ஒத்திகை பாத்தோம். நான் சொல்லிக்குடுத்ததைத்தான் புள்ளைங்க சொல்லுது. அதுங்க மேல தப்பில்ல." அதோடு விட்டாளா? தேர்வாளர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களும் சரின்னு போட்டுட்டீங்க. அது தப்பு சார். தராசப் பாருங்க."

தேர்வாளர் தராசைப் பார்த்தார். தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். எனக்கு ஜன்னல் கம்பியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மிச்சமிருந்த நேரத்தில் அங்கே நடந்ததற்குப் பாடம் என்று பெயர் சொல்ல முடியுமா, எனக்குத் தெரியாது. அக்கா சார்ட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "சரி, எனக்குத் தெரியாது. நீங்க தூக்கிப் பாத்துச் சொல்லுங்க" என்று ஹேங்கரைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஒருத்தன் ஷூவைக் கழற்றி ஒரு பையில் போட்டான், இன்னொருத்தி சாப்பாட்டு டப்பாவை மற்றப் பையில் போட்டாள். டப்பா கனமா ஷூ கனமா என்று சண்டை. ஷூதான் பெரிசு, அதனால் ஷூதான் கனம் என்று ஒருத்தன் அடித்துச் சொன்னான். தராசு இல்லை என்றது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை, தராசு பொய் சொல்கிறது என்றான். "அப்ப பைய மாத்திப் போட்டுப் பாரு" என்றாள் அக்கா. மாற்றிப் போட்டார்கள். டப்பாதான் இறங்கியது. அவன் இரண்டையும் வெளியே எடுத்து கைக்கொன்றாகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். "ஆமா மிஸ்" என்றான் கடைசியில். மணி அடித்தது.

அவள் வெளியே வந்தாள். ஸ்கூட்டரைக் கிளப்ப எனக்கு மனசில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன். தெரு திரும்பியதும் அடக்கமுடியவில்லை.

"உனக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதாக்கா? அவரே டிக் போட்டாருல்ல? அப்புறம் உனக்கென்ன வந்துது?"

"அவரு தராசப் பாக்கலடா. பேப்பரப் பாத்தாரு."

"பாக்கலன்னா நல்லதுதானே!"

"புள்ளைங்களும் பாக்கல. என் வாயப் பாத்துதுங்க. தராசு அங்க அம்மணமாத் தொங்குது, அந்த ரூம்ல ஒருத்தர்கூட அதப் பாக்கல. ஒரு வாரம் நான் அதுங்களுக்கு என்னத்தடா சொல்லிக்குடுத்தேன்? கண்ணு முன்னாடி இருக்கிறத பாக்காதீங்க, நான் சொன்னத சொல்லுங்கன்னு சொல்லிக்குடுத்திருக்கேன்."

"எல்லாரும் அதத்தான பண்றாங்க!"

"ஆமா. எல்லாரும் பண்றாங்க, எல்லாரும் பாஸ் பண்றாங்க, எல்லாரும் டீச்சர் ஆவறாங்க. அதான்டா எனக்கு எரிச்சலா வருது."

"இப்ப நீ மட்டும் ஆவ மாட்ட. போதுமா?" என்று கேட்டுவிட்டேன். நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவள் மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் அம்மா விஷயம் கேட்டு, தைத்துக் கொடுத்த பைகளைத் தூக்கி எறிந்தாள். "சொல்லாத உண்மையெல்லாம் உன்ன வந்து கடிக்குதா?" என்று கத்தினாள். மாமா ஷிப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ம்" கூடச் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று அக்காவைக் கேட்டார். அதற்குத்தான் அவள் உடைந்து அழுதாள்.

சில நாள் கழித்து முடிவுத் தாளை நகலெடுக்கக் கட்டம் மேடமே கடைக்கு வந்தார். மெஷினில் வைக்கும் சாக்கில் அக்கா பெயருக்கு நேரே பார்த்தேன். தேர்ச்சி இல்லை. தோல்வியும் இல்லை. "வரவில்லை" என்று இருந்தது.

"மேடம், இது தப்பு. அக்கா வந்தாங்க. நீங்களே பாத்தீங்களே?"

மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுப்பா. அவங்களே எழுந்து நின்னு தப்புன்னு சொன்னப்புறம் பாஸ் எப்படிப் போடறது? ஃபெயில்னு போட்டா மூணாவது வாய்ப்பும் போச்சு, அதோட அவங்க கதை முடிஞ்சுது. தேர்வாளர் சாருக்கு மனசு வரல. என்ன பண்றதுன்னு என்னக் கேட்டாரு. பாதியில நிறுத்தின பாடத்துக்கு மார்க் தாள்ல கட்டமே கிடையாது. வரலன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போட்டா வாய்ப்பு கழியாது. அடுத்த பருவத்துல மறுபடி எடுக்கலாம்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாருகிட்டயும் சொல்லாத. போய் அக்காவப் படிக்கச் சொல்லு."

நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மேடத்திடம் நகலுக்குக் காசு வாங்கவில்லை. அக்கா கடைக்கு வந்ததும் கவுன்டரைத் தாண்டிக் குதித்து ஓடினேன். "அக்கா, பொழச்ச போ! வாய்ப்பு போகல! வரலன்னு போட்டுட்டாங்க!"

"என்னன்னு?"

"வரலன்னு. நீ அன்னிக்கு வரவே இல்லன்னு. அந்த வகுப்பே கணக்குல கிடையாது. அடுத்த பருவத்துல மறுபடி போலாம். அவங்க பண்ணின பெரிய உபகாரம்க்கா இது. மேடத்துக்குக் கோயிலே கட்டலாம்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கவுன்டரில் சிந்தியிருந்த ஜிகினாத் தூளை விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஒரு மூலைக்குத் தள்ளினாள். மெஷின் யாருடைய யானையையோ துப்பிக்கொண்டிருந்தது.

"தோத்துட்டேன்னு போட்டிருந்தாக்கூட சரின்னு போயிருப்பேன்டா" என்றாள். "வரலன்னு போட்டுட்டாங்களே. ரெண்டு வருஷத்துல அந்தக் கடைசிக் கொஞ்ச நேரம்தான்டா நான் வகுப்புக்கே வந்தேன்."